ஒடியல் கூழ் ஏன் கசந்தது? வீட்டில் எப்படிக் காய்ச்சுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். டொரொண்டோவில் ஒரு யாழ்ப்பாண நண்பர் வீட்டில் கூழ் குடித்தீர்கள். மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை எல்லாம் கிடந்த, உறைப்பும் புளிப்புமான கெட்டிச் சாறு. சென்னைக்குத் திரும்பி இரண்டு தடவை செய்து பார்த்தீர்கள். முதல் தடவை கடையில் வாங்கிய பனங்கிழங்கு மாவு. சாறு கெட்டிப்படவே இல்லை, மாவு சொரசொரவென்று அடியில் தங்கிவிட்டது. இரண்டாம் தடவை நண்பர் கொடுத்தனுப்பிய ஒடியல் மா (பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு). கெட்டிப்பட்டது, ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. ‘எந்த மசாலாவை விட்டுவிட்டேன்?’ என்று முடித்திருக்கிறீர்கள்.

மசாலா எதையும் நீங்கள் விடவில்லை. கூழில் விடுவதற்கு மசாலாவே இல்லை. எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, மல்லித்தூள் இல்லை. செத்தல் மிளகாய் (உங்கள் ஊர்க் காய்ந்த மிளகாய்), மஞ்சள், புளி, உப்பு, அவ்வளவுதான். சிலர் மிளகும் பூண்டும் தட்டிப் போடுவார்கள். மீன் குழம்பு வைத்து அதில் மாவைக் கரைப்பது என்று நினைத்துத் தொடங்கினால் எத்தனை தடவை செய்தாலும் அந்த ருசி வராது. நீங்கள் கேட்டது மசாலாவை என்றாலும் உங்களுக்கு உண்மையில் வேண்டியது இரண்டு விஷயம்: எந்த மா, அதை என்ன செய்வது. எது எப்போது பானைக்குள் போக வேண்டும் என்பது அடுத்து வரும்.

நான் படித்தது உணவு விஞ்ஞானம். கூழ் காய்ச்சப் பழகியது யாழ்ப்பாணக் குடாநாட்டு வடமராட்சியில், வீட்டுப் பெரியவர்களிடம். ஆகவே மாவைப் பற்றியும் மீனைப் பற்றியும் சொல்வதில் படிப்பு கொஞ்சம் இருக்கும். கூழின் ருசியைப் பற்றிச் சொல்வதெல்லாம் எங்கள் பக்கத்துப் பழக்கம். தீவகத்தார் (யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுக்காரர்), மன்னார்க்காரர் இதைப் படித்தால் ‘இப்படியா காய்ச்சுவது?’ என்று சண்டைக்கு வரலாம். வரட்டும்.

முதலில் மா. பனம்விதையைப் பாத்தியில் புதைத்து, முளைத்து இறங்கும் கிழங்கைத் தைப்பொங்கலை ஒட்டிக் கிளப்புவது உங்களுக்கும் தெரியும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் சந்தையில் கட்டுக்கட்டாக வருமே, அதே கிழங்குதான். அதை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல், பச்சையாகவே தோலுரித்து இரண்டாகப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். கூழுக்கும் ஒடியல் பிட்டுக்கும் வேண்டியது இந்த இரண்டாவதை இடித்த மா. தமிழ்நாட்டில் பனங்கிழங்கு மாவு என்று விற்பது பெரும்பாலும் அவித்துக் காயவைத்து அரைத்தது. தேங்காய்ப்பூவும் (துருவிய தேங்காய்) சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிட அது அருமை, கூழுக்கு உதவாது. மாச்சத்து ஒருமுறை வெந்து, ஆறி, காய்ந்துவிட்டால் மறுபடி கொதிநீரில் போட்டாலும் பச்சை மாவைப் போல ஊதிப் பிசுபிசுத்துத் தடிக்காது. உங்கள் முதல் கூழ் தண்ணீராக நின்றதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கையில் இருப்பது எந்த மா என்று சந்தேகமா? ஒரு தேக்கரண்டி மாவை அரைக் கோப்பை குளிர்ந்த நீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். பளபளப்பாகக் களியாகினால் ஒடியல் மா. துகள் துகளாகவே நின்றால் அவித்த மா.

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் ஒடியல் மா கிடைக்கும். வெளிநாடுகளில் இலங்கைத் தமிழர் நடத்தும் பலசரக்குக் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சென்னையில் எளிது, பச்சைக் கிழங்கு வரும் காலத்தில் நீங்களே செய்துகொள்வதுதான். தோலை உரித்து, பிளந்து, நடுக் குருத்தை எடுத்துவிட்டு, ஒடித்தால் ‘டக்’கென்று முறியும்வரை நல்ல வெயிலில் காயவிட்டு, மில்லில் கொடுத்து அரைத்து, சலித்து, ஈரம் படாமல் வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்தது பூஞ்சணம் பிடிக்கும். பூத்த ஒடியலைக் கழுவித் துடைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. வீசிவிடுங்கள்.

இனி கசப்பு. ஒடியல் மா இயல்பிலேயே கசக்கும். உங்கள் நண்பர் பழைய மாவைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கசப்பைத் தண்ணீர்தான் எடுக்க வேண்டும். ஒரு அகன்ற பாத்திரத்தில் மாவைப் போட்டு, அதைப்போல ஐந்தாறு மடங்கு தண்ணீர் ஊற்றிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். தும்பும் தூசியும் மேலே மிதந்து வரும், அதை வழித்து எறியுங்கள். பிறகு அசைக்காமல் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் மா அடியில் படிந்து, மேலே மங்கலான பழுப்பு நீர் நிற்கும். அந்த நீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டு, புது நீர் விட்டு மறுபடி கலக்கி மறுபடி தெளியவிடுங்கள். மூன்று நான்கு நீர் மாற்ற வேண்டிவரும். அவசரமில்லாவிட்டால் கடைசி நீரோடு குளிர்பெட்டியில் ஓரிரவு விடலாம். கடைசியில் மேல்நீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினால் தெரிந்துவிடும். கசப்பு முழுக்கப் போகத் தேவையில்லை. மிக இலேசான ஒரு கைப்பு நிற்பதுதான் கூழுக்கு அழகு. அது இல்லாவிட்டால் அரிசி மாவிலேயே காய்ச்சிவிடலாமே. நீரை வடித்தபின் அடியில் கனமாக, கையை இழுத்துப் பிடிப்பதுபோல் ஒரு படிவு இருக்கும். அதைக் கரைத்துத்தான் ஊற்றப்போகிறோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் ‘ஒடியல் மா விஷம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆதாரமில்லாத பேச்சு அல்ல அது. 1970களில் இலங்கையில் செய்த ஆய்வுகளில், இந்த மாவை நீண்ட நாள் தொடர்ந்து தின்ற எலிகளுக்குக் கல்லீரல் இரத்தக்குழாய்களில் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. பின்னால் வந்த ஆய்வுகளும் மாவை வெப்பப்படுத்தினால் நச்சுத்தன்மை குறைவதைக் காட்டின. இதுவரை உறுதி. ஆனால் எலிக்கு அதுவே நாள்தோறும் உணவு. மனிதர் எப்போதாவது, அதுவும் ஊறவைத்துக் கழுவிக் கொதிக்க வைத்துக் குடிப்பது வேறு. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தி ‘விஷம்’ என்பதும் சரியல்ல, ‘எங்கள் பாட்டன் குடித்தான், ஒன்றும் ஆகவில்லை’ என்று ஆய்வைத் தள்ளிவிடுவதும் சரியல்ல. என் கருத்து இதுதான்: ஊறவைப்பதையும் கழுவுவதையும் முழுக் கொதியையும் குறுக்காதீர்கள், பச்சை மாவை நேரே கஞ்சியில் தூவிக் குடிக்கும் ஆரோக்கியக் குறிப்புகளை நம்பாதீர்கள், விருந்துக்குரிய உணவாகவே அதை வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

சரி, கடலுக்கு வருவோம். கூழுக்கு மீன் தேர்வதில் முதல் விதி ருசியைப் பற்றியதே அல்ல, முள்ளைப் பற்றியது. கூழைக் கையால் பிசைந்து முள் பார்த்துத் தின்ன முடியாது. கோப்பையிலோ, பனையோலையில் மடித்த பிளாவிலோ ஊற்றிக் குடிக்கிறோம். ஆகவே பொடிமுள் மீன்கள் வேண்டாம். மத்தி, கவலை, உல்லம் பக்கமே போகாதீர்கள். சென்னையில் என்றால் கொடுவா, பாரை, விளைமீன், களவா நல்லவை. தலை பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. வஞ்சிரம் போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் அந்த விலைக்கு அது வறுவலாகவே இருக்கட்டும். எங்கள் பக்கம் திருக்கையும் சுறாவும் போடுவார்கள். குருத்தெலும்பு தவிர முள் கிடையாது என்பதால் வசதி. ஆனால் அவற்றின் உடலில் யூரியா அதிகம், கொஞ்சம் பழசானாலும் அமோனியா வாடை கிளம்பி முழுப் பானையையும் கெடுத்துவிடும். பெரிய சுறாவில் பாதரசமும் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதைத் தவிர்ப்பது நல்லது. சூரை போன்ற சிவப்புச் சதை மீன்களில் வேறொரு தொல்லை. பனிக்கட்டியில்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும், அது எவ்வளவு கொதித்தாலும் போகாது. முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வருவது அதனால்தான். ‘நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேன்’ என்பது எல்லாவற்றுக்கும் பதில் ஆகாது.

நண்டை உயிரோடு வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஓட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் விரல் விரலாக இருக்கும் செவுளைப் பிய்த்து எறிந்து, உடலை இரண்டாக வெட்டி, கால்களை அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள். தட்டாவிட்டால் உள்ளே சாறு இறங்காது, தின்பவருக்கும் பல் போகும். இறாலின் தலையையும் தோலையும் எறிய வேண்டாம், உடனே வேலை இருக்கிறது. மட்டி கிடைத்தால், தட்டியும் வாய் மூடாததை வேகவைக்கு முன்பே விலக்குங்கள்.

நான்கைந்து பேருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், இது வேத வாக்கு அல்ல. ஒடியல் மா 100 கிராம், தண்ணீர் 2 லிட்டர், ஒரு பெரிய மீன் தலை, முள் குறைந்த மீன் துண்டு 300 கிராம், நடுத்தர நண்டு 2, இறால் 200 கிராம், கணவாய் 150 கிராம். கூடவே பலாக்கொட்டை ஒரு பதினைந்து, மரவள்ளிக்கிழங்கு 200 கிராம், ஒரு கைப்பிடி பயற்றங்காய் (காராமணிக்காய்), ஒரு சிறு கை பச்சரிசி, ஒரு பிடி முருங்கையிலை. மிளகாய் பத்தை ஊறவைத்து, உப்புக் கல்லோடு மையாக அரைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளில் அந்த நிறமும் வாசமும் கிடைக்காது. எலுமிச்சையளவுக்குக் கொஞ்சம் குறைவாகப் புளி. முதன்முதலாகச் செய்பவர் மிளகாயை ஆறோடு நிறுத்தினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மீன் தலையையும் இறால் ஓட்டையும் இரண்டு லிட்டர் நீரில் மஞ்சள் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்து, தலையில் இருக்கும் சதையை மட்டும் கையால் எடுத்து வையுங்கள். ஊரில் இப்படி வடிப்பதில்லை, தலை அப்படியே பானையில் கிடக்கும். ஆனால் பழக்கமில்லாத வீட்டில், அதுவும் பிள்ளைகள் குடிக்கும் இடத்தில், இது பாதுகாப்பு. சாற்றில் ஒரு துளி ருசி குறையாது. அந்த வடித்த சாற்றில் அரிசி, தோலும் மேல்சவ்வும் நீக்கிய பலாக்கொட்டை, மரவள்ளி மூன்றையும் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். மரவள்ளியில் சயனைடு தரும் சேர்மங்கள் உண்டு. தோலைத் தடிப்பாகச் சீவி, சிறிதாக நறுக்கி, கொஞ்ச நேரம் நீரில் போட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டு, திறந்த பானையில் வேகவைப்பது அதற்காகத்தான். கசக்கும் கிழங்கு என்றால் போடவே வேண்டாம். மரவள்ளியோடு இஞ்சி சேர்த்தால் விஷம் என்று இலங்கையில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கிழங்கில் நச்சு இருக்கிறது என்பது உண்மை, இஞ்சி என்ன செய்கிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களை நான் அவ்வளவு நம்புவதில்லை. கூழுக்கு இஞ்சி தேவையில்லாததால் அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதும் இல்லை.

புளியை இந்தக் கட்டத்தில் விடாதீர்கள். புளிப்பு ஏறிய நீரில் கிழங்கும் கொட்டையும் காயும் இளகாமல் மரமாக நிற்கும். பலாக்கொட்டையை அகப்பையால் அழுத்தினால் உடையும் நிலைக்கு வந்ததும் நண்டு, பயற்றங்காய், அரைத்த மிளகாய். ஒரு எட்டு நிமிடம். நண்டு சிவந்து, மிளகாய்ச் சாந்தின் பச்சை வாடை போயிருக்கும்.

இப்போது மா. கழுவி வைத்த படிவை ஒரு கோப்பை நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கையால் மெல்லிய நூலாக ஊற்றிக்கொண்டே மறு கையால் அடி வழித்துக் கிளறுங்கள். ஒடியல் மா கனம், நிறுத்தினால் உடனே அடியில் உட்கார்ந்து பிடிக்கும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு சிவந்து தெளிவாக இருந்த சாறு மங்கும், அகப்பை கனக்கும், கொதி ஓசை ‘சலசல’ என்பதிலிருந்து ‘புளக்… புளக்’ என்று மாறும். தெறிக்கும், கை கவனம். இதற்குப் பயந்து இன்னும் மா சேர்க்கவோ அடுப்பை அணைக்கவோ வேண்டாம். நெருப்பைக் குறைத்து, குறைந்தது பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்க வேண்டும். ஆறும்போது இன்னும் தடிக்கும் என்பதால், அகப்பையிலிருந்து அறுபடாமல் ஒழுகும் பதத்திலேயே நிறுத்த வேண்டும். கெட்டித்துவிட்டால் வெந்நீர் விட்டு இளக்கலாம், பச்சைத் தண்ணீர் விடாதீர்கள்.

எங்கள் பெரியவர்கள் எல்லா மீனும் வெந்தபிறகே மா கரைத்து விடுவார்கள். நான் மாற்றிச் செய்கிறேன்: மா வெந்தபிறகுதான் மீன். காரணம், மா விட்டபின் கிளறும் கிளறலில் வெந்த மீன் கரைந்து முள் எல்லாம் கூழில் பரவிவிடும், இறாலும் ரப்பராகிவிடும். பழைய முறையில் மீன் கரைவதே ருசி என்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் தலையிலிருந்து எடுத்த சதையை முதலில் சேர்த்துக் கரையவிட்டு, துண்டு மீனைக் கடைசிக்கு வைத்துச் சமாளிக்கிறேன். மீன் துண்டு போட்டு ஐந்து நிமிடம், அப்போதே புளிக்கரைசலும். புளியை மாவோடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் கெட்டித்த கூழ் இளகும், அதனாலும் அது பிந்தி வருவதே நல்லது. பிறகு இறால், ஒரு நிமிடம் கழித்து வளையமாக வெட்டிய கணவாய், இன்னும் இரண்டு மூன்று நிமிடம். கணவாய் ஒன்று, இவ்வளவு சுருக்காக வேக வேண்டும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் வேக வேண்டும். இடைப்பட்ட எதிலும் மெல்லவே முடியாது. முருங்கையிலையைத் தூவி, ஒருமுறை புரட்டி இறக்குங்கள். உப்பைக் கடைசியில்தான் சரிபாருங்கள், நண்டும் இறாலும் தங்கள் பங்குக்கு விட்டிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று: விருந்தினரில் யாருக்காவது இறால், நண்டு ஒவ்வாமை இருந்தால் ‘பொறுக்கி எடுத்துவிட்டுத் தருகிறேன்’ என்று சொல்லாதீர்கள். ஒவ்வாமை தரும் புரதம் கொதித்தாலும் அழியாது, சாற்றில் இறங்கியிருக்கும். அவருக்குத் தனிப் பானையில் மரக்கறிக் கூழ் காய்ச்சுங்கள். பலாக்கொட்டை, மரவள்ளி, பூசணி, பயற்றங்காய் போட்டு அப்படியும் குடிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் உண்டு.

ஒடியல் மா கிடைக்கவே இல்லையென்றால்? இலேசாக வறுத்த அரிசி மாவில் இதே வரிசையில் காய்ச்சலாம். உங்களிடம் மிஞ்சியிருக்கும் அவித்த பனங்கிழங்கு மாவில் இரண்டு கரண்டியை அதோடு சேர்த்தால் பனையின் வாசம் கொஞ்சம் கிடைக்கும், கெட்டியாக்கும் வேலையை அரிசி பார்த்துக்கொள்ளும். நல்ல கடல் சாறு ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் அந்த டொரொண்டோ நண்பர் வரும் நாளில் அதைக் கூழ் என்று சொல்லி ஊற்றாதீர்கள்.

குடிக்கும்போது கையில் ஒரு தேங்காய்ச் சொட்டு (கீறிய சிறு துண்டு) வைத்துக் கடித்துக்கொள்வது எங்கள் வழக்கம், உறைப்புக்கு நல்ல துணை. சுடச்சுடக் குடிக்க வேண்டும். மிஞ்சினால் பெரிய பானையோடு அடுப்பங்கரையில் விட்டுவிடாதீர்கள். கெட்டியான கூழ் மிக மெதுவாக ஆறும், நடுவில் சூடு நின்று கிருமிக்கு வசதியாகிவிடும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் கொஞ்சம் வெந்நீர் விட்டு, அடி பிடிக்காமல் கிளறி முழுக் கொதி வரவிட்டுக் குடியுங்கள். மறுநாளைக்கு மேல் வேண்டாம்.